சுமை இழுக்கப் பிறந்த மின்கலம்

ஹைட்ரஜன் என்றதும் பளபளக்கும் கார்தான் பலர் நினைவுக்கு வரும். ஆனால் ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் எரிபொருள் மின்கலம் சுமை வண்டிகளில்தான் முதலில் தன் பலத்தைக் காட்டியது.

அதன் வேர் 1839-ல் இருக்கிறது. மின்சாரம் பாய்ச்சினால் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. அவை மீண்டும் சேர்ந்தால் மின்சாரம் கிடைக்குமா? வேல்ஸைச் சேர்ந்த வழக்கறிஞர் வில்லியம் குரோவ், பிளாட்டினத்தையும் கந்தக அமிலத்தையும் வைத்துச் சோதித்தார். கிடைத்தது. ஆனால் பிளாட்டினம் விலை உயர்ந்தது, கிடைத்த மின்சாரமோ சொற்பம். டைனமோ வந்ததும் உலகம் அந்தப் பக்கம் போய்விட்டது.

அதை மீட்டெடுத்தவர் ஆங்கிலேயப் பொறியாளர் பிரான்சிஸ் தாமஸ் பேக்கன். 1930-களில் தொடங்கியவர், பிளாட்டினத்துக்குப் பதில் நிக்கலையும் அமிலத்துக்குப் பதில் காரக் கரைசலையும் பயன்படுத்தினார். சுமார் 5 கிலோவாட் தரும் மின்கலத்தை 1959-ல் கேம்பிரிட்ஜில் இயக்கிக் காட்டினார். ஒரு ஃபோர்க்லிஃப்ட் அந்த மின்சாரத்தில் இயங்கியது. அதே ஆண்டு அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1,008 மின்கலங்களைப் பூட்டி ஒரு டிராக்டரை ஓட்டியது. அதன் திறன் 15 கிலோவாட்.

பேக்கனின் முறை அப்பல்லோ விண்கலங்களுக்குப் போனது. சாலைக்கு வந்தது வேறொரு வகை. ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வாளர்கள் உருவாக்கிய அந்த மின்கலத்தில் திரவத்துக்குப் பதில் மெல்லிய பாலிமர் சவ்வு. அது ஹைட்ரஜனின் புரோட்டான்களை மட்டும் கடக்க விடும். எலெக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியே சுற்றிவந்து மோட்டாரை ஓட்டும். மிஞ்சுவது நீரும் வெப்பமும்தான். ஜெமினி விண்கலங்களில் பறந்த இந்த முறையை 1980-களில் கனடாவின் பாலார்ட் நிறுவனம் கையில் எடுத்தது. 1993-ல் அதைப் பேருந்தில் ஏற்றி வான்கூவரில் ஓட்டிக் காட்டியது.

ஏன் பேருந்து? காரணம் எளிது. மாலையானால் பேருந்து பணிமனைக்குத் திரும்பிவிடும். ஊரெங்கும் ஹைட்ரஜன் பங்க் வேண்டியதில்லை, பணிமனையில் ஒன்று போதும். மேற்கூரையில் சிலிண்டர்களுக்கு இடமுண்டு. நெடுந்தூர லாரிக்கு இன்னொரு லாபம்: அவ்வளவு தூரத்துக்குப் பேட்டரி ஏற்றினால் அதன் எடையே சரக்கின் இடத்தைப் பிடிக்கும், சார்ஜ் ஏற நேரமும் ஆகும். ஹைட்ரஜனைச் சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். 2020-ல் ஹூண்டாயின் எக்சியன்ட் லாரிகள் சுவிட்சர்லாந்தில் சரக்கோடு ஓடத் தொடங்கின. ஒருமுறை நிரப்பினால் சுமார் 400 கிலோமீட்டர்.

ஒரு கடன் பாக்கி நிற்கிறது. இன்று உலகில் கிடைக்கும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. அப்படி வந்தால், லாரியின் குழாயில் வராத புகை ஆலையில் வந்துவிடுகிறது. வெயிலும் காற்றும் தரும் மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க வேண்டும். அதைச் சுமை வண்டிக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையில் தரவும் வேண்டும். வண்டி தயார். அரசுகளும் நிறுவனங்களும் இனி அந்த எரிபொருளுக்குத்தான் முதலில் பணம் போட வேண்டும்.