நடுநிலை வகுப்பு ஆசிரியரும் பட்டப் பயிற்சியும்

நமது சங்கத்தின் ஆண்டு மலருக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் அன்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தவருக்கு ஆசிரியப் பயிற்சியைப் பற்றி என்ன தெரியும் என வினவவும் கூடும். பயிற்சி பெற்றவரிடமும் பெறாதவரிடமும் பாடம் கேட்டிருக்கிறோம் என்பது ஒன்றே நமது தகுதி.

ஏழாம் வகுப்பில் நமக்குக் கணிதம் கற்பித்தவர் பட்டதாரி, பாடத்தில் வல்லவர், ஆயினும் பயிற்சி பெற்றவரல்லர். எண்ணுக்குப் பதில் எழுத்து எதற்கு என்று நாம் கேட்டதற்கு இரண்டு பிரம்படிகளே விடையாயின. அவ்வாண்டிலேயே பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஓர் இளைஞர் சில வாரங்களுக்கு வந்தார். மளிகைக் கடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்து, ஒரு தட்டில் எடைக்கற்களையும், மறுதட்டில் கட்டிய பொட்டலம் ஒன்றோடு சில கற்களையும் வைத்தார். இருபுறமும் ஒரே அளவு கற்களை எடுத்துக்கொண்டே வந்தார், முள் அசையவில்லை, இறுதியில் பொட்டலம் மட்டும் தனித்து நின்றது. அதன் எடை எதுவோ அதுவே நீங்கள் அஞ்சிய அந்த எழுத்து என்றார். வகுப்பின் கடைசி வரிசையில் அவருடைய பேராசிரியர் அமர்ந்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். சில வாரங்கள் கழிந்தன, இளைஞர் சென்றுவிட்டார், பிரம்பு திரும்பி வந்தது.

அத்தகைய இளைஞரை உருவாக்கிய பயிற்சியின் வரலாறு நீண்டது. 1854 ஆம் ஆண்டில் வெளியான உட் துரையின் கல்வி அறிக்கை, ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பள்ளிகள் வேண்டும் என வற்புறுத்தியது. 1856 இல் சென்னையில் அரசினர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அதுவே பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களும் அங்கே பயிற்சி பெற்றவரே. பட்டதாரிகளுக்கென எல்.டி. என்னும் பட்டத்தைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1886 ஆம் ஆண்டளவில் ஏற்படுத்தியது. அந்நூற்றாண்டின் இறுதியில் சைதாப்பேட்டை, ராஜமகேந்திரபுரம், குர்சியாங், அலகாபாத், லாகூர், ஜபல்பூர் என ஆறு ஊர்களில் பயிற்சிக் கல்லூரிகள் இருந்தன. ஆறும் இரயில் நிலையம் உள்ள ஊர்கள் என்பதை நம்மைப் போன்றோர் கவனியாமல் இருக்க இயலாது. குர்சியாங்குக்கு மலை ஏறும் சிற்றிரயில் உண்டு.

1904 இல் கர்சன் பிரபு காலத்துக் கல்விக் கொள்கைத் தீர்மானம், பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி போதும் என்றது. பயிற்சிக் கல்லூரியோடு ஒரு பள்ளி இணைந்திருக்க வேண்டும் என்றும் கூறியது. அந்த ஓராண்டு நூறாண்டுகளுக்கு மேல் நிலைத்துவிட்டது! 1952-53 இல் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த குழு ஆராய்ந்தது. 1964-66 இல் கோத்தாரி குழுவும் ஆராய்ந்து, ஓராண்டே இருக்கட்டும், ஆனால் வேலை நாட்களை 230 ஆக உயர்த்துக என்றது.

இவற்றுக்கிடையே நடுநிலை வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சிந்தித்தவர் மிகச் சிலரே. ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்குச் சான்றிதழ்ப் பயிற்சி. உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்குப் பட்டமும் அதன்மேல் பயிற்சியும். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள் ஒருநாள் இவரிடமும் ஒருநாள் அவரிடமும் அகப்பட்டன. முன்னவருக்குக் குழந்தையின் மனம் தெரியும், இயற்கணிதம் தடுமாறும். பின்னவருக்கு இயற்கணிதம் தெரியும். பதினோரு வயதுச் சிறுவன் ஏன் விழிக்கிறான் என்பது தெரியாது. 1963 இல் தொடங்கிய மத்திய அரசின் கேந்திரிய வித்தியாலயங்களில், பயிற்சி பெற்ற பட்டதாரி ஆசிரியர் ஆறு முதல் பத்து வரை கற்பிக்கிறார். ஊர் ஊராக மாற்றலாகும் நம் போன்றோரின் பிள்ளைகளுக்கு அது ஓரளவு பேறு என்றே சொல்லுவோம்.

1994 இல் டெல்லிப் பல்கலைக்கழகம் நான்காண்டுத் தொடக்கக் கல்விப் பட்டம் ஒன்றை ஏற்படுத்தி, எட்டாம் வகுப்பு வரைக்குமான ஆசிரியரை நேரே உருவாக்க முயன்றது. ஆயினும் பெரிய மாற்றம் 2010 இல் வந்தது. கல்வி உரிமைச் சட்டம் அவ்வாண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆறு முதல் எட்டு வரை கணிதம்-அறிவியல், சமூகவியல், மொழிகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியரேனும் இருத்தல் வேண்டும் என்றது. ஆகஸ்டு மாதத்தில் தேசிய ஆசிரியர் கல்விக் குழு இவ்வகுப்புகளுக்குப் பட்டமும் பயிற்சியும் தகுதித் தேர்வும் வேண்டும் என அறிவித்தது. 150 வினாக்களில் 90 மதிப்பெண் பெறுதல் பொது விதி. மனனம் செய்து தேறியவர் தராசைக் கையில் எடுப்பாரா என்பதை அத்தேர்வு கண்டறியுமோ? நமக்கு ஐயமே.

2015 இல் பி.எட். இரண்டாண்டாயிற்று. பள்ளியில் நேரிடையாகப் பழகுதற்கு மட்டும் இருபது வாரங்கள் ஒதுக்கப்பட்டன. 2020 இன் புதிய கல்விக் கொள்கை நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பை நோக்கிச் செல்கிறது. பி.எட். பெற்றவர் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கத் தகுதியுடையவரல்லர் என உச்ச நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்தபின், பி.எட். படித்தோர் பலர் ஆறாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள இடங்களையே நாட வேண்டியதாயிற்று. அதனால் துயருற்ற குடும்பங்கள் நம் சங்கத்திலும் உண்டு.

நம் மூத்த மகள் இப்போது பி.எட். இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். பதினாறு வாரப் பள்ளிப் பயிற்சிக்கு ஏழாம் வகுப்பே கிடைத்திருப்பதாகச் சென்ற வாரம் தெரிவித்தாள். பொருளொன்றும் வேண்டுமா என்று கேட்டோம். பழைய தட்டுத் தராசு எங்கேனும் கிடைக்குமா என்றாள், மின்தராசு உதவாதாம். கடைவீதியில் தேடிக்கொண்டிருக்கிறோம்.