யார் யாரைப் பார்க்கலாம்?: தொலைக் கண்காணிப்பின் சிறு வரலாறு

ஒரு கணினியின் நினைவகம் எவ்வளவு நிரம்பியுள்ளது, அதில் எந்தெந்தச் செயல்முறைகள் இயங்குகின்றன என்பவற்றை வேறோர் இடத்திலிருந்து அறிவதைத் தொழில்நுட்ப வசதியாக மட்டுமே நாம் கருதுகிறோம். அதன் வரலாறோ, பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் இடையிலான உறவின் வரலாறு.

ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்த காலத்தில், சுமையை அறிவது பயனரின் சொந்தத் தேவையாக இருந்தது. 1973 ஆகஸ்டில் வெளியான ஆர்.எஃப்.சி. 546 என்னும் ஆவணம், டெனெக்ஸ் கணினிகளின் ஜூலை மாதச் சராசரிச் சுமையைப் பதிவுசெய்தது. 1983இல் வந்த 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸில் ஒவ்வொரு கணினியும் தன் சுமையை யாரும் கேளாமலே வலைப்பின்னலில் அறிவித்தது. யார் உள்நுழைந்துள்ளார், எவ்வளவு நேரம் விசைப்பலகையைத் தொடாதிருக்கிறார் என்பவையும் அதே அறிவிப்பில் சென்றன. இயந்திரத்தைக் கண்காணிப்பதும் மனிதரைக் கண்காணிப்பதும் அப்போதே ஒன்றாகிவிட்டன.

1988 ஆகஸ்டில் எஸ்.என்.எம்.பி. நெறிமுறை ஆர்.எஃப்.சி. 1067ஆக வெளிவந்தது. இதில் 'மேலாளர்' கேட்பார், 'முகவர்' விடையளிப்பார். கடவுச்சொல்லின் இடத்தில் நின்ற சொல் 'கம்யூனிட்டி', அதாவது சமூகம். அது மறையாக்கம் இன்றியே பயணித்தது. பல கருவிகளில் அதன் இயல்பு மதிப்பு 'பப்ளிக்'. ஒருவரையொருவர் அறிந்தோரின் சிறு வட்டத்தை முன்னிறுத்திய சொல்லாட்சி இது என்று கருதலாம். வட்டம் உலகளாவியபோதும் சொல் மாறவில்லை.

1993 செப்டம்பரில் ஆர்.எஃப்.சி. 1514 ஒவ்வொரு செயல்முறையும் கொள்ளும் நினைவகத்தைக் கிலோபைட்டிலும், செயலி நேரத்தை நொடியின் நூறில் ஒரு பங்கிலும் அட்டவணைப்படுத்தியது. கட்டளையுடன் தரப்பட்ட அளவுருக்களும் அதில் தெரிந்தன. கட்டளை வரியில் கடவுச்சொல்லை எழுதியவரின் இரகசியமும் வெளிப்படக்கூடும். ஒரு செயல்முறையின் நிலையை 'செல்லாது' என மாற்றி எழுதினால் அது நிறுத்தப்படவும் அந்த ஆவணம் வழிவகுத்தது. பார்ப்பதற்கான சாளரம் நுழைவதற்கான கதவாகவும் அமைந்தது.

2002 பிப்ரவரியில், பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழக ஆய்வுக்குழு கண்டறிந்த குறைகளின் அடிப்படையில், பல நிறுவனங்களின் எஸ்.என்.எம்.பி. மென்பொருள்கள் குறித்து செர்ட் அமைப்பு எச்சரித்தது. அதே டிசம்பரில் மூன்றாம் பதிப்பின் ஆவணங்கள் முழுத் தரமாக வெளியாயின. அடையாளச் சரிபார்ப்பு, மறையாக்கம், யார் எப்பகுதியைக் காணலாம் என்ற வரையறை ஆகியவை அதில் உறுதிபெற்றன.

ஆயினும், பார்க்கப்படுபவருக்கு அது தெரிய வேண்டுமா என்பதை எந்த நெறிமுறையும் முடிவுசெய்யாது. நம் துறைகளின் பகிர்வுக் கணினிகளில் மாணவரின் செயல்முறைகளை யார் பார்க்கிறார், யார் நிறுத்தலாம் என்பதைப் பயன்பாட்டு விதிகளிலேயே எழுதிவைக்க வேண்டும்.