பிழைத்த பெயரும் பிழைத்த சிலையும்

வெண்கலச் சிலைக்கு அதன் உலோகமே பகை. நாணயம் அடிக்கவும், மணி வார்க்கவும், படைக்கலம் செய்யவும் வெண்கலம் வேண்டப்பட்டமையால், பழஞ்சிலைகள் பல உலைக்களம் புகுந்து உருவிழந்தன. ரோம் நகரில் குதிரையூர்ந்த பெருஞ்சிலைகள் 22 இருந்தன என்று நான்காம் நூற்றாண்டின் நகரக் குறிப்பொன்று கணக்கிடுகிறது. அந்நகரில் பேரரசர்களுக்கு எடுக்கப்பெற்ற அத்தகைய வெண்கலச் சிலைகளுள் ஏறத்தாழ முழு உருவில் இன்று எஞ்சியிருப்பது ஒன்றே. அது மார்க்கஸ் அரேலியஸின் சிலையாகும்.

கி.பி. 161 முதல் 180 வரை ஆண்ட இவ்வேந்தன், தன் உள்ளத்துக்குத் தானே அறிவுரை கூறிக் கிரேக்க மொழியில் குறிப்புகள் எழுதிய மெய்யறிவாளன். சிலையின் உயரம் ஏறக்குறைய 4.24 மீட்டர், அதன்மேல் பொன்முலாம் பூசப்பெற்றிருந்தது. குதிரை வலமுன்காலைத் தூக்கி நடக்கிறது. மன்னனோ மார்புக் கவசமும் படைக்கலமும் இன்றி, அங்கவடியும் இன்றி அமர்ந்து, வலக்கையை முன்னே நீட்டுகின்றான். விலங்கின் துடிப்பும் வேந்தனின் அமைதியும் ஒருங்கே காணத்தக்கன.

இஃது ஒன்று மட்டும் தப்பியது எங்ஙனம்? இலாத்தரன் மாளிகையின் அருகே நின்ற இச்சிலையை மக்கள் கான்ஸ்டன்டைன் சிலை என்றே நம்பினர். 313இல் கிறிஸ்தவர்க்கு வழிபாட்டுரிமை வழங்கிய பேரரசன் அவன். பத்தாம் நூற்றாண்டிலேயே இது 'கான்ஸ்டன்டைன் குதிரை' எனப்பட்டது. கிறிஸ்தவர் கொல்லப்பட்டது மார்க்கஸ் காலத்தில். 177இல் லியோன் நகரில் நிகழ்ந்த கொடுமை அதற்குச் சான்று. அவன் உருவத்தையே அச்சமயத்தார் காத்தனர் என்பது வியப்பன்றோ!

கான்ஸ்டன்டைனின் நாணய உருவங்களில் பெரும்பாலும் தாடி இல்லை. இச்சிலைக்கோ சுருண்ட தாடி உண்டு. எனினும் பதினைந்தாம் நூற்றாண்டில்தான் வத்திக்கான் நூலகர் பிளாட்டினா உண்மைப் பெயரைத் தெளிந்துரைத்தார். அக்காலத்தில் பழம்பொருளுக்கே தனி மதிப்பு எழுந்திருந்ததால், உண்மை வெளிப்பட்டும் சிலைக்குக் கேடு நேரவில்லை. 1538இல் போப்பாண்டவர் மூன்றாம் பவுல் அதனைக் கேப்பிட்டோலியக் குன்றுக்கு மாற்றினார்; பீடத்தை அமைத்தவர் மைக்கேலாஞ்சலோ. காற்றின் மாசு அரித்ததால் 1981இல் சிலை அகற்றப்பட்டது. 1997 முதல் வெளியே நிற்பது படியே. மூலச்சிலை அருங்காட்சியகத்தினுள் உள்ளது.

'பிழைத்தல்' என்னும் தமிழ்ச்சொல்லுக்குத் தவறுதல் என்றும், உயிர்தப்புதல் என்றும் இருபொருள் உண்டு. ரோம மக்கள் பெயரில் பிழைத்தனர். அதனால் சிலை பிழைத்தது. உண்மைப் பெயரோடு நின்ற சிலைகள் எத்தனை உருகிப் போயினவோ!