"ஜீப்" என்று பெயர் வைக்க முடியாத ஜீப் கம்பெனி: மகிந்திராவின் ராணுவப் பின்னணி என்ன?

சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆலையை ஆய்வு செய்ய அதிகாரிகள் பொலிரோவில் வந்தாலும், ஊர்க்காரர்கள் சொல்வது "ஜீப் வருது" என்றுதான். ஆனால் அந்த பொலிரோவைத் தயாரிக்கும் மகிந்திரா, தன் வண்டிக்கு ஜீப் என்று பெயர் வைக்க முடியாது. ஏன்?

கதை 1940-ல் தொடங்குது. கரடுமுரடான பாதையில் ஓட, நான்கு சக்கரமும் இழுக்கும் சின்ன வண்டி ஒன்று அமெரிக்க ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த அவகாசம் வெறும் 49 நாள். பாண்டம் என்ற சிறிய கம்பெனி அதற்குள் செய்து கொடுத்தது. ஆனால் பெரிய ஆர்டர் போனது வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களுக்கு. சின்ன கம்பெனியால் அவ்வளவு வண்டி தயாரிக்க முடியாது என்று ராணுவம் நினைத்தது. போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகள் தயாராகின. 1950-ல் "ஜீப்" என்ற பெயரை வில்லிஸ் தன் பெயரில் பதிவு செய்துகொண்டது. பாவம் பாண்டம்!

இந்தியாவுக்கு வந்தது எப்படி?

போர்க்காலத்தில் வாஷிங்டனில் இந்தியாவுக்கான கொள்முதல் பணியில் இருந்தவர் கே.சி. மகிந்திரா. அண்ணன் ஜே.சி. மகிந்திரா, நண்பர் குலாம் முகமது ஆகியோருடன் 1945 அக்டோபர் 2-ல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் "மகிந்திரா & முகமது". அப்போது இரும்பு வியாபாரம்தான். பிரிவினையில் குலாம் முகமது பாகிஸ்தான் போய், அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-ல் நிறுவனத்தின் பெயர் "மகிந்திரா & மகிந்திரா" ஆனது.

வில்லிஸிடம் உரிமம் வாங்கி, பிரித்து வந்த பாகங்களை பம்பாய் மசகானில் பூட்டி 1949-ல் ஜீப்பை வெளியே விட்டார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே தயாரித்தார்கள். ராணுவம், போலீஸ், வனத்துறை, தாசில்தார் ஆபீஸ் என எல்லா இடத்திலும் அந்த வண்டிதான். தேர்தல் வந்தால் திறந்த ஜீப் இல்லாமல் பிரசாரமா?

சிக்கல் எங்கே?

உரிமம் வண்டிக்குத்தான், பெயர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது. பல கை மாறி அது ஃபியட் கிரைஸ்லரிடம் போனது. 2018-ல் மகிந்திரா "ராக்ஸர்" வண்டியை அமெரிக்காவில் விற்றபோது, "இது எங்க ஜீப் மாதிரியே இருக்கு" என்று அந்த நிறுவனம் புகார் கொடுத்தது. 2020-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் பழைய வடிவத்துக்குத் தடை போட, மகிந்திரா வண்டியின் முகத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

அதே 2020-ல், நிறுவனத்தின் பிறந்தநாளான அக்டோபர் 2-ல்தான் இங்கே புதிய "தார்" விற்பனைக்கு வந்தது. அதையும் நம்ம ஊரில் பலர் கூப்பிடுவது ஜீப் என்றுதான்.