தாயின் பொருட்டு மலை எடுத்தவன்

திருகோணமலைக்கு வருவோர் தவறாது காணும் இடங்கள் இரண்டு. ஒன்று, கோட்டை வாயிலைக் கடந்து மேலே சென்றால், கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் சுவாமி மலை. அதன் விளிம்பிலே பாறையை வாளாற் பிளந்தாற்போன்ற ஒரு வெடிப்பு உண்டு; இராவணன் வெட்டு என்பது அதன் பெயர். மற்றொன்று, நகரிலிருந்து அநுராதபுரம் செல்லும் வீதி வழியே ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கன்னியா. அங்கே சிறு கிணறுகள் ஏழு. ஏழிலும் வெந்நீர், ஒன்றின் சூடு மற்றொன்றின் சூட்டை ஒத்திராது. பாறையைக் கண்டு வியப்போரும், வெந்நீரில் நீராடி மகிழ்வோரும் பலர். இவ்விரண்டையும் ஒரே கதை பிணைத்து நிற்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அது வீரத்தின் கதை, பழியுணர்வின் கதை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தாயின் கதை.

இராவணனைத் தமிழர் பெரும்பாலும் கம்பன் வழியாகவே அறிவர். கம்பனுடைய காவியத்தில் அவன் ஒப்பற்ற வீரன். ஆயினும் பிறன்மனை நயந்து கெட்டவன். தம்பியர் அறிவுரை கூறுகின்றனர்; பாட்டன் முறையினனாகிய மாலியவான் இடித்துரைக்கின்றான்; மைந்தன் இந்திரசித்தும் இறுதியில் இரந்து நிற்கின்றான். ஆனால் கதையை நடத்தும் பாத்திரமாக அவன் தாய் அங்கே வருவதில்லை. அவளைக் காண வேண்டுமாயின் வான்மீகத்தின் உத்தர காண்டத்துக்குச் செல்லவேண்டும்.

அங்கே அவள் பெயர் கைகசி. அரக்கர் தலைவன் சுமாலியின் மகள். விசிரவசு முனிவரின் மனைவி. அம்முனிவருக்கு வேறொரு மனைவியிடத்துப் பிறந்தவன் குபேரன். ஒருநாள் குபேரன் தன் புட்பக விமானத்தில் ஏறித் தந்தையைக் காண வருகின்றான். அவனுடைய செல்வப் பொலிவைக் கண்ட கைகசி தன் மூத்த மகனை அழைத்து, உன் தமையனைப் பார், உன்னையும் பார், நீயும் அவனைப்போல ஆகவேண்டும் என்னும் கருத்துப்படப் பேசுகின்றாள். அச்சொல் மைந்தன் நெஞ்சில் தீயாகப் பற்றுகின்றது. தமையனுக்கு ஒப்பாவேன், அன்றி அவனை விஞ்சுவேன் என்று தாய்முன் சூளுரைத்துத் தவத்துக்குப் புறப்படுகின்றான். வரம் பெற்றதும், குபேரனிடமிருந்து இலங்கையைக் கைப்பற்றியதும், விமானத்தைப் பறித்ததும் அதன்பின் நிகழ்ந்தவை. அவனது வீரத்தின் வித்து ஒரு தாயின் ஒப்பீட்டுச் சொல்லிலே ஊன்றப்பட்டது.

அதே வான்மீகத்தின் யுத்த காண்டத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. சீதையை விட்டுவிடும்படி இராவணனுடைய தாயே அவனிடம் நெடிது எடுத்துரைத்தாள் என்றும், அவன் இணங்கவில்லை என்றும் சரமை சீதைக்குச் சொல்கின்றாள். சிறு குறிப்பே எனினும் பொருள் பெரிது. மகனுடைய நெஞ்சில் தீயை மூட்டிய கைக்கு அதனை அணைக்கும் ஆற்றல் இல்லாமற் போயிற்று.

இனிக் கயிலையை எடுத்த நிகழ்ச்சி. உத்தர காண்டத்தின்படி அதற்கு ஏது செருக்கு ஒன்றே. விமானம் மலையருகே தடைப்பட்டது. நந்திதேவர் விலகிச் செல்லும்படி கூறினார். சினங்கொண்ட இராவணன் மலையையே பெயர்க்க முற்பட்டான். இறைவன் கால்விரலால் ஊன்ற, அவன் மலையின் கீழ் நசுங்கிக் கதறினான். பின் துதித்து அருள் பெற்றான். இந்தக் காட்சி இந்திய நாட்டுக் கலைஞரையும் அடியாரையும் ஒருங்கே கவர்ந்தது. 8ஆம் நூற்றாண்டில் எல்லோராவில் ஒரே பாறையைக் குடைந்து அமைத்த கயிலாசநாதர் கோயிலில் அது சிற்பமாயிற்று. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் இராவணனை நினைவுகூர்வதை மரபாக்கினார். திருகோணமலைமீது அவர் பாடிய பதிகத்திலும் மலை எடுத்தவனின் செருக்கு அடங்கியதும், அவன் துதித்தபோது இறைவன் பேறு அளித்ததும் பேசப்படுகின்றன.

ஆனால் திருகோணமலையில் வழங்கும் கதை இதனின்றும் வேறுபட்டது. தலபுராணமும் செவிவழி மரபும் கூறுவது இது: இராவணனுடைய தாய் சிவபக்தை. அவள் வழிபடுவதற்காகக் கோணமலையிலுள்ள சிவலிங்கத்தைப் பெயர்த்தெடுக்க மைந்தன் முனைந்தான். அவன் வாளால் வெட்டிய வடுவே இராவணன் வெட்டு. இறைவன் மலையை அழுத்தினார். அவன் அதன்கீழ் அகப்பட்டான். இராவணன் இறந்தான் என்ற செய்தி தாயின் செவிக்கு எட்டியது. அவள் அதனைத் தாங்கமாட்டாது உயிர் துறந்தாள். மைந்தனோ இறக்கவில்லை, துதித்து, அருள் பெற்று, உயிரோடு மீண்டான். மீண்டவனுக்குக் கிடைத்த முதற் செய்தி தாயின் மரணம்.

செயல் ஒன்றே, ஏது வேறு. செருக்கினால் மலை எடுத்தவனை இவ்வூரார் தாயன்பினால் மலை எடுத்தவனாக்கினர். அவ்வாறு ஆக்கியதால் அவனைக் குற்றத்திலிருந்து விடுவித்தார்களா? இல்லை. பன்மடங்கு கொடிய தண்டனையை அவனுக்கு வைத்தார்கள். யாரை மகிழ்விக்க வாளை ஓங்கினானோ அவளையே அவ்வோங்கல் கொன்றது. மலை நசுக்கிய தோள்கள் ஆறிவிடும். இந்தப் புண் ஆறுமா?

தாயின் பொருட்டு வீரம் விளைவதும், அவ்வீரமே துயராக முடிவதும் உலக இலக்கியத்துக்குப் பொதுவான செய்தி. புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதிய தாய், மகன் புறமுதுகிட்டான் என்று கேட்டுக் கொதித்து, களத்தில் அவன் சிதைந்து கிடந்த உடலைக் கண்டு பெற்ற நாளினும் பெரிதும் மகிழ்கின்றாள். அங்கே தாய்க்கு ஐயம் இல்லை. மகன் பேசவே இல்லை. சேக்ஸ்பியர் 1608ஆம் ஆண்டளவில் எழுதிய கொரியோலேனஸ் நாடகத்தின் தலைவனும் தாய் வொலும்னியாவின் புகழ்ச்சிக்காகவே காயங்களைத் தேடிச் சென்றவன். நாடு அவனைத் துரத்தியபோது பகைவரோடு சேர்ந்து உரோமாபுரியை எரிக்க வருகின்றான். தாய் வந்து மண்டியிடுகின்றாள். பணிந்தால் தனக்குக் கேடு என்று உணர்ந்தே அவன் பணிகின்றான்; நகரம் பிழைக்கின்றது; அவன் மாள்கின்றான். உரோமனைத் தாயின் சொல் தடுத்தது. இலங்கை வேந்தனைத் தடுக்கத் தாயின் சொல்லுக்கு இயலவில்லை. அவள் சாவு மட்டுமே அவனைத் தலைகுனிய வைத்தது.

தலைகுனிந்த இடம் கன்னியா. திருமால் முதிய அந்தணர் வடிவில் வந்து தாயின் மறைவை அறிவித்து, அவளுக்குரிய இறுதிக் கடன்களைச் செய்யும்படி இராவணனை அங்கே அழைத்துச் சென்றாராம். தடியால் நிலத்தில் ஏழிடத்தில் ஊன்றினாராம். ஏழிடத்திலும் நீர் பெருகிற்றாம். பின்னாளில் இராமனாக வந்து இவனை வீழ்த்தப்போகின்றவர் அத்திருமாலே. அவரே தாய்க்கு நீர்க்கடன் ஆற்ற வழிகாட்டினார் என்று கதை சொன்ன மக்களின் நெஞ்சம் எத்தகையது! போர் வேறு, துக்கம் வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். தாயை இழந்தவன் பகைவனேயாயினும் அவன் கையில் நீர் வார்க்க ஒருவர் வேண்டும்.

நில நூலார் இதற்கு வேறு விளக்கம் தருவர். இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டினால் வெம்மையடைந்து மீண்டும் மேலெழுகின்றது. சுவாமி மலையின் பிளவும் இயற்கையின் வேலையே. இவ்விளக்கத்தால் கதைக்கு ஊறு இல்லை. ஊற்று எவ்வாறு எழுந்தது என்பது அறிவியல். அதன் கரையில் மனிதன் எதற்காக நின்றான் என்பதே கதை.

1622க்கும் 1624க்கும் இடைப்பட்ட காலத்தில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். 300 ஆண்டுகளுக்கு மேல் மலையுச்சியில் பெருங்கோயில் இல்லை. 1950ஆம் ஆண்டில் நிலத்தடியிலிருந்து பழைய விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடைபெற்றது. கல் சிதறிய அக்காலம் முழுவதும் கதை சிதறவில்லை. அதனைக் காத்தவர்கள் புலவர்கள் மட்டுமல்லர். தாய் தந்தையருக்கு அந்தியேட்டி செய்யவும் பிதிர்க்கடன் கழிக்கவும் கன்னியாவுக்குச் சென்ற சாதாரண மக்களே. எள்ளும் நீரும் இறைக்கும்போது, இறந்தவருக்குச் செய்யத் தவறியவை நினைவுக்கு வராத மகன் யார்? அந்த நேரத்தில் இராவணன் அரக்கன் அல்லன். தமக்கு முன்னே அதே நீரில் நின்ற மூத்தவன்.

இன்று சுவாமி மலையின் விளிம்பில் கூப்பிய கரங்களுடன் இராவணனுடைய சிலை ஒன்று நிற்கின்றது. பெற்றோர் பிள்ளைகளுக்கு அதனைக் காட்டி, மலையை எடுத்த வீரன் என்று சொல்வர். அவ்வளவோடு நிறுத்தாமல் கன்னியாவுக்கும் அழைத்துச் சென்று மீதிக் கதையையும் சொல்வது நன்று. பிள்ளைக்கு அது பெருமுயற்சியின் எல்லையைக் கற்பிக்கும். பெற்றோருக்கும் அதில் பாடம் உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார், உன் அண்ணனைப் பார் என்று பரீட்சை முடிவு வரும் நாளில் எத்தனை இல்லங்களில் பேசப்படுகின்றது! கைகசி கூறியதும் அவ்வளவே. அவள் மகன் அதனை மறக்கவில்லை.