ஜாதகம் ஆகிப்போன முதலுதவி

பல்கலைக்கழகத்தில் பண்பாடு கடந்த உரையாடல் பற்றி ஒரு பாடம் படித்தேன். எந்த நாட்டுக்காரர் எப்படிப் பேசுவார் என்று அட்டவணை அட்டவணையாக இருந்தது. இந்தத் துறை எங்கே ஆரம்பிச்சதுன்னு தேடினேன்.

பல்கலைக்கழகத்தில் இல்லை. அமெரிக்க வெளியுறவுத்துறை தன் அதிகாரிகளுக்காக 1947-ல் தொடங்கிய பயிற்சி நிறுவனத்தில். 1950களின் முதல் பாதியில் அங்கே பாடம் எடுத்தவர் மானிடவியலாளர் எட்வர்ட் ஹால். வெளிநாடு கிளம்பும் அதிகாரிகளுக்குக் கோட்பாடு பிடிக்கவில்லை. போகிற இடத்தில் என்ன செய்யணும் என்பதுதான் கேள்வி. அதனால் ஹால் சின்ன விஷயங்களுக்கு இறங்கினார்: எவ்வளவு தள்ளி நிற்பது, எவ்வளவு நேரம் காக்கவைத்தால் அவமரியாதை. 1959-ல் 'தி சைலன்ட் லாங்வேஜ்' புத்தகம் வந்தது.

அவசரத்தில் இருந்தவர்களுக்கான முதலுதவி அது. நாம் அதை ஜாதகம் மாதிரி வாசிக்கிறோம். கூட்டத்தில் ஒருத்தர் பேசாமல் இருந்தால், "அவங்க ஊர்ல அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். ஏன்னு அவரையே கேட்பதில்லை.