தறியில் உட்கார்ந்தவர் வகுத்த பயிற்சி

2021 செப்டம்பரில் மத்திய அரசு ‘ஒய் பிரேக்’ என்ற செயலியை வெளியிட்டு, வேலை நேரத்தில் ஐந்து நிமிடம் யோகா செய்யும்படி தன் ஊழியர்களைக் கேட்டுக்கொண்டது. நம் பக்கத்தில் இது புதிதல்ல. 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கிய வேதாத்திரி மகரிஷி, கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. தாமும் தறி நெய்தவர். அவருடைய எளியமுறை உடற்பயிற்சியில் கைக்கு, காலுக்கு, மூச்சுக்கு, கண்ணுக்கு என்று தனித்தனிப் பயிற்சிகள் உண்டு. நாளெல்லாம் மிதி மிதித்து, இழையை உற்றுப் பார்ப்பவருக்கு எங்கெங்கே வலிக்குமோ, அங்கெல்லாம் கை வைத்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் சின்னாளபட்டி நெசவாளருக்கும் இது அப்படியே பொருந்தும். என்ன, அலுவலகத்தில் ஐந்து நிமிடம் எழுந்து நின்றால் சம்பளம் குறையாது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது.